எண்பத்தேழாம் நம்பர், ராஜபாய்

1953 செப்டம்பர் 14, திங்கள்

இன்றைக்குப் பதினோரு ராத்தல். முந்திரியில் முழுப் பருப்பு ஒன்பது, உடைந்த பிளவு இரண்டு. முந்தாநாள் இடது பெருவிரலில் வெந்த இடம் இன்றைக்கு மறுபடி பொத்துப்போயிற்று. சாம்பலை அப்பிக்கொண்டுதான் உடைத்தேன். கொட்டைத் தோட்டின் எண்ணெய் சாம்பலையும் தாண்டி உள்ளே இறங்குகிறது. ராத்திரிச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அம்மா உருட்டித் தந்தாள். பதினைந்து வயதில்.

இந்த நோட்டு மூன்றாம் பாரத்தில் பூகோளத்துக்கு வாங்கியது. அப்பா பனையிலிருந்து விழுந்து செத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நோட்டும் பாதியில் நின்றுவிட்டது. மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை. எனக்கு யாரிடமும் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்பார்கள். புதுக்கடையிலிருந்து ஒரு மைல். அங்கே என் பெயர் ஜெயபாய் இல்லை. ராஜபாய். அது அக்கா பெயர். அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி அஞ்சுகிராமம் போனபோது அவளுடைய எண்பத்தேழாம் நம்பர் வீணாகப் போக வேண்டாம் என்று அம்மா என்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்தாள். எனக்கு அப்போது பதின்மூன்று. சட்டப்படி சேர்க்க முடியாது. மேஸ்திரி பொன்னுலிங்கம், "எண்பத்தேழுக்கு ஒரு ஆளு வேணும், அது ஆரா இருந்தா எனக்கென்ன" என்றார். ஆபீசில் இப்படி எத்தனையோ பேர். மதினி பெயரில் நாத்தனார், தாய் பெயரில் மகள். காலையில் நம்பர் கூப்பிடும்போது ஒரு குரல் வர வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 19

பொதிகிற அறைக்குச் சாக்கு கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே பருப்பைத் தகர டின்னில் அடைத்து, டின்னை மரப்பெட்டியில் வைத்து, டின்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கச் சந்தில் பழைய காகிதத்தைக் கசக்கித் திணிப்பார்கள். கொல்லத்து ஹெட் ஆபீசுக்கு அமெரிக்காவிலிருந்து வருகிற வியாபாரப் பத்திரிகைகள்தான் அந்தக் காகிதம். அவர்கள் அனுப்பிய காகிதம் எங்கள் டின்னோடு சேர்ந்து அவர்கள் ஊருக்கே திரும்பிப் போகிறது.

கீழே ஒரு தாள் கிடந்தது. கட்டம் கட்டமாக எண்கள். யாரும் பார்க்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அச்சடித்த தாள் எதுவும் கைக்கு வந்ததில்லை. அதனால் இருக்கும்.

செப்டம்பர் 23

நாலு நாளாகத் தாளைப் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரிகிறது. பொருள்தான் தெரியவில்லை. இடது பக்கம் தொழில்களின் பெயர். கோல் என்றால் கரி. ஸ்டீல் தெரியும். ஷூ தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கூலி, ஒரு வாரத்துக்கு எவ்வளவு. இந்த மாதம், போன மாதம், போன வருஷம் இதே மாதம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு தேசம் முழுக்க யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு தாளில் இருக்கிறது.

செப்டம்பர் 26

பொதிகிற அறைக் குமாஸ்தா சத்தியநேசனிடம் கேட்டேவிட்டேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ணுகிறவர். கேட்பதற்கு இரண்டு நாள் யோசித்து, இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி, மூன்றாவது முறை அவராகவே என்ன என்று கேட்ட பிறகு தாளை நீட்டி ஒரு வார்த்தையில் விரலை வைத்தேன்.

கன்பெக்ஷனரி. மிட்டாய் செய்கிற தொழிலாம்.

"நம்ம பருப்பு போறது அங்கதான் கேட்டியா. சாக்கலேட்டுக்குள்ள வச்சு விப்பான்" என்றார். தாளைத் திருப்பிக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. ஒரு டாலர் நாலே முக்கால் ரூபாய் வரும் என்று மட்டும் சொன்னார்.

மிட்டாய்க்காரனுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர் முப்பத்தொரு சென்ட். ஆறு ரூபாய்க்கு மேல். எனக்கு ராத்தலுக்கு ஓரணா வீதம் நாளுக்குப் பதினோரணா, பன்னிரண்டணா. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். அவனுடைய ஒரு மணி நேரம் என்னுடைய எட்டு நாள்.

பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற செல்லத்தாய் அக்காளிடம் சொன்னேன். அவள் சுத்தியலை நிறுத்தவில்லை. "அப்போ அவன் ஒரு மணிக்கூறு படுத்து ஒறங்கினா நமக்கு எட்டு நாளு போச்சு. எழுப்பி விடாத, பாவம்" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

அம்மாவிடமும் சொன்னேன். கதம்பல் அடித்துக் கை ஓய்ந்து படுத்திருந்தாள். தேங்காய் மட்டையை அழுகப்போட்டுத் தடியால் அடித்து நாராக்குகிற வேலை அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டே, "அங்க அரிசி என்ன வெலையோ" என்றாள்.

அது தாளில் இல்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. தாளில் எல்லாரையும்விடக் குறைந்த கூலி துணி வெளுப்பவர்களுக்கு. ஒரு டாலர்கூட முழுசாக இல்லை. அவர்களில் ஒருத்தி என்னைப்போல இருப்பாளா? கொட்டை உடைப்பவர் என்று ஒரு வரி தேடினேன். இல்லை. அங்கே யாரும் உடைப்பதில்லை போல.

அக்டோபர் 13

சர்க்காரிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்களாம். எந்த ஆபீசில் எத்தனை பேர், என்ன கூலி என்று கணக்கெடுக்க. குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வருகிறதாம், அதற்காக.

சத்தியநேசன் சாக்குக் கட்டும் இடத்தில் மெதுவாகச் சொன்னார். "ஒனக்குப் பதினஞ்சு ஆயாச்சில்லா? சொந்தப் பேரச் சொல்லு. வயசுக்கு டாக்டர் சீட்டு ஒண்ணு வாங்கினாப் போதும், சட்டப்படியே எழுதிருவாங்க. இந்தத் தடவ விட்டா பொறவு எப்போ வருவானோ."

செல்லத்தாய் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

அக்டோபர் 15

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்க பேரு ஜெயபாய். அப்பா பேரு ஞானசிங். வயசு பதினஞ்சு. எனக்க பேரு ஜெயபாய்.

அக்டோபர் 16

வந்தார்கள். இரண்டு பேர். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளதுகளை மேஸ்திரி முன்னாலேயே சாக்கு அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போட்டவர் வரிசை வரிசையாக வந்தார். மேஸ்திரி அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்.

எண்பத்தேழு. பேரு?

வாய் திறந்தது. வந்தது ராஜபாய்.

நான் சொல்லவில்லை. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? இரண்டு வருஷமாக தினமும் காலையில் அந்தப் பெயருக்குத்தானே குரல் கொடுக்கிறேன், நாக்குக்கு அதுதான் தெரிந்திருக்கிறது. வயசு என்றார். இருபத்திரண்டு. கல்யாணம் ஆயிற்றா? ஆச்சு. அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். எனக்குக் கல்யாணம் ஆயிற்று என்று எழுதினார்.

மையைத் தடவிக் கைநாட்டு வாங்கினார்கள். எழுதத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஆபீசில் எல்லாருக்கும் மைதான். என் பெருவிரல் பதிந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. கோடு ஒன்றும் இல்லை. எண்ணெய் தின்றுவிட்டது. இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார். அப்போதும் வட்டம்தான். "இங்க ஒருத்திக்கும் ரேகை கிடையாது போலிருக்கே" என்று மற்றவரிடம் சொன்னார்.

சத்தியநேசன் தூரத்தில் நின்று பார்த்தார். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். சவம். நான் ஒரு சவம்.

அக்டோபர் 17

ஒன்பது ராத்தல்.

நவம்பர் 21

சத்தியநேசன் என்னைத் திட்டவில்லை. புதிய தாள் ஒன்று வந்திருப்பதாகத் தந்தார். பழையதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரும்பில் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். மோட்டாரிலும். மிட்டாயில் மட்டும் கூடியிருக்கிறது. அது கிறிஸ்துமஸுக்காக, அதற்குப் பிறகு பார், என்றார்.

குறைந்தது என்றால் ஆயிரம் இரண்டாயிரம் இல்லை. லட்சக்கணக்கில். அத்தனை பேரும் மறுநாள் காலையில் எங்கே போயிருப்பார்கள்?

டிசம்பர் 25

அக்காவும் அத்தானும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அஞ்சுகிராமத்திலிருந்து கார்டு. அம்மா மூன்று பேருக்கு அதிகமாகவே பொங்கி வைத்திருந்தாள். மிச்சத்தை நானும் அவளும் இரண்டு நாள் தின்போம்.

1954 ஜனவரி 9

வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை.

ஜனவரி 20

மூன்று நாள். பொதிகிற அறையில் பெட்டிகள் உத்தரம்வரை அடுக்கிக் கிடக்கின்றன. லாரி வரவில்லை. அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் பொறுத்து வாங்குகிறோம் என்று எழுதிவிட்டார்களாம். சத்தியநேசனிடம் தாள் கேட்டேன். நானாகவே கேட்டேன். இது நவம்பர் கணக்கு. கரி, இரும்பு, மோட்டார், துணி, எல்லாக் கட்டத்திலும் குறைவு. வேலைபோய் நிற்பவர்களுக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதையும் எண்ணுகிறார்கள். வேலை இல்லாதவனையும் விடாமல் எண்ணி, பக்கத்தில் போன மாதம் எத்தனை பேர் என்றும் போட்டிருக்கிறார்கள்.

வேலை போன ஒருவன் மிட்டாய் வாங்க மாட்டான். மிட்டாய்க்காரன் பருப்பு வாங்க மாட்டான். அப்புறம் நான்.

செல்லத்தாய் அக்காளிடம் இதைச் சொன்னபோது, "அவனுக்க பெண்டாட்டி ஒருத்தி சாக்கலேட்டு வேண்டாம்னு சொன்னதுக்கு எனக்க அடுப்பு எதுக்கு அணையணும்?" என்று கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 6, சனி

மூடிவிட்டார்கள். கேட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளியில் நின்றோம். ரோட்டில் ஓட்டுக் கேட்கிற ஜீப் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. ஜீப்பில் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 19

அம்மாவோடு கதம்பல் அடிக்கப் போகிறேன். அழுகின மட்டை நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டது. விரலில் பொத்த இடமெல்லாம் உப்புத் தண்ணீரில் எரிகிறது. இரண்டு பேர் அடித்தும் ஒருத்தி அடித்ததைவிடக் கூலி அதிகமாக வரவில்லை. மட்டையே அவ்வளவுதான் தருகிறார்கள்.

மார்ச் 3

மரச்சீனிக் கிழங்கு. காலையிலும் அதுதான்.

மார்ச் 11

அக்கா வந்திருக்கிறாள். பிள்ளையோடு. ஒரு தகரப்பெட்டியோடு.

செல்வதாஸ் அத்தான் கொழும்புக்குப் போகிறேன் என்று போய் நாலு மாதமாம். ஒரு கார்டுகூட இல்லை. அங்கே அவருக்கு வேறு வீடு இருக்கிறது என்று போய்வந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மாமியார், புருஷன் இல்லாத வீட்டில் உனக்கென்ன வேலை என்றாளாம். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதினதும் பொய். அப்போதே அவர் இல்லை.

அம்மா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "பாலு உண்டா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

மார்ச் 12

படுக்க இடம் போதவில்லை. நான் அடுப்பங்கரையில்.

ஏப்ரல் 18, ஈஸ்டர்

அக்கா கோயிலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். கேட்பார்களாம். நானும் போகவில்லை. இரண்டு பேரும் மரச்சீனி உரித்தோம். அவள் உரிக்கிற வேகத்தைப் பார்த்து, "ஆபீஸ்ல நீ நாளுக்கு எத்தன ராத்தல் ஒடப்ப?" என்று கேட்டேன். "பதினாலு" என்றாள். அப்புறம் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். தோல் வளர்ந்து வெளுத்திருந்தது. மூன்று வருஷத்தில் ரேகைகூடத் திரும்பி வந்திருக்கிறது.

மே 17

கம்பெனி திறக்கப்போகிறது. சத்தியநேசன் வழியில் நின்று சொன்னார். அமெரிக்காவில் நிலைமை சரியாகிக்கொண்டு வருகிறதாம், ஆர்டர் வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவர் முகம் மட்டும் சரியில்லை.

எல்லாரையும் எடுக்கப்போவதில்லையாம். சர்க்கார் கூலியைக் கூட்டிவிட்டது. அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டுமென்றால் ஆளைக் குறைப்பேன் என்கிறது கம்பெனி. தொண்ணூறு பேர். போன அக்டோபரில் எழுதிக்கொண்டு போன பட்டியலில் பெயர் உள்ளவர்களில் தொண்ணூறு பேர்.

மே 24

பட்டியல் கேட்டில் ஒட்டியிருக்கிறது.

87. ராஜபாய். தகப்பன் பெயர் ஞானசிங். வயது 22. மணமானவர்.

அதற்கு முன்னால் நின்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் சொன்ன பொய்யெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பையே பார்த்தாள். அக்கா, "நீ போ. நீதானே இவ்வளவு நாளு இருந்த" என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மே 26

நான் போகிறேன் என்றுதான் இருக்கிறேன். இரண்டரை வருஷம் வெந்தது என் விரல். எனக்கு வேண்டும் அது. இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

பிள்ளை ராத்திரி முழுக்க அழுதது. அக்கா வராமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். எழுதியும் விட்டேன். அதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

மே 27

காலையில் எழுந்து பார்த்தால் அக்கா பின்பக்கத்தில் ஒரு கல்லை வைத்து, எங்கேயோ பொறுக்கின பச்சைக் கொட்டைகளை உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் நிற்பது தெரிந்ததும் கல்லைத் தள்ளி வைத்தாள். "கை மறந்திருக்கோன்னு பாத்தேன், சும்மா" என்றாள்.

சும்மா இல்லை.

மே 31

ஒரு வழி தோன்றியது. லேபர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினால் என்ன? அக்டோபரில் எண்பத்தேழாம் இடத்தில் இருந்தது நான், ஜெயபாய். பயத்தில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். எனக்கு இப்போது பதினாறு. டாக்டர் சீட்டு வாங்கித் தருகிறேன். என்னைத் தனியாக ஒரு நம்பரில் சேர்க்க வேண்டும். அப்படியானால் அக்காவுக்கும் எனக்கும், இரண்டு பேருக்கும் இடம். ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. இதைப்போல நான் எதையும் எழுதினதில்லை.

ஜூன் 2

மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் செல்லத்தாய் அக்காளிடம் படித்துக் காட்டினேன். அவள் பெயரும் தொண்ணூறில் இருக்கிறது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏட்டி, இத நீ குடுத்தா அவன் என்ன செய்வான்? ஒன்ன மட்டுமா கேப்பான்? தொண்ணூறு பேரையும் வரிசையா நிறுத்தி நீ ஆரு நீ ஆருன்னு கேப்பான்." வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "செல்லத்தாய்ங்கது எனக்க ஓரகத்தி பேரு. அவ அம்மை வெளையாடிச் செத்துப் பத்து வருசம் ஆச்சு. நீ உண்மயச் சொன்னா நானும் செத்தவளாயிருவேன் மக்கா."

அவள் பெயர் என்ன என்று கேட்டேன். முத்துக்கனி என்றாள். சொல்லும்போது வேறு யாரையோ சொல்வதுபோல இருந்தது. அந்தப் பெயரை அவளே கேட்டு நாளாகியிருக்கும்.

மேஸ்திரியிடம் மட்டும் சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன். என் பெயரில் தனியாக எடுக்க முடியுமா என்று. "ஒனக்க பேரா? அது எந்தப் புக்குல கெடக்கு?" என்றார்.

மனு அடுப்பில் போயிற்று.

ஜூன் 13

நாளைக்குத் திறக்கிறார்கள். அம்மா இரண்டு பேருடைய உடுப்பையும் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

ஜூன் 14, திங்கள்

இரண்டு பேரும் போனோம். யாரும் தீர்மானிக்கவில்லை. நான் கிளம்பினேன், அக்காவும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

கேட்டில் மேஸ்திரி நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பட்டியலோடு ஒரு சர்க்கார் ஆள். அக்டோபரில் வந்தவர் இல்லை, வேறு ஒருவர். எண்பத்தாறு உள்ளே போயிற்று. எண்பத்தேழு என்றார். நான் ஒரு அடி வைத்தேன். அக்காவும் வைத்தாள்.

மேஸ்திரி இரண்டு பேரையும் பார்த்தார். "என்னட்டி, ஒரு நம்பருக்கு ரெண்டு ராஜபாயா?" என்று சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "கை ஓடுறவ நீதான். உள்ள ஏறு" என்றார் மெதுவாக.

சர்க்கார் ஆள் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். இருபத்திரண்டு வயது, மணமானவர் என்று போட்டிருக்கிறதே, இதில் யார் ராஜபாய் என்று கேட்டார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சண்டையாவது போட்டிருப்பேன். அவள் என் வாய்க்கு விட்டுவிட்டாள். பிள்ளை என் தாவணி நுனியை எட்டிப் பிடித்து வாயில் வைத்தது.

அவர் மறுபடி கேட்டார். வரிசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவ" என்றேன்.

பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அக்கா உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எண்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. "நீ நல்லவ மக்கா" என்றாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நல்ல மனசாலா சொன்னேன்? அத்தனை பேர் பார்த்தார்கள், நான்தான் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை, அதனாலா? எனக்கே தெரியாதே. அக்டோபரில் பொய் வந்தது, இன்றைக்கு உண்மை வந்தது, இரண்டு தடவையும் நான் சொல்ல நினைத்தது வரவே இல்லையே.

ஜூன் 15

பிள்ளை நாள் முழுக்க அழுதது.

ஜூன் 19

அக்கா கூலி கொண்டுவந்தாள். புதுக் கூலி. அம்மா கையில் கொடுத்தாள். என் கையில் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அவள் கை முழுக்க வெந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தடவிவிட்டேன். விரல் பட்ட இடத்தில் அவள் பல்லைக் கடித்தாள்.

ஜூன் 30

பட்டியலில் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறதாம். செல்லத்தாய் அக்கா (அப்படித்தான் கூப்பிடுவேன், வேறு எப்படிக் கூப்பிடுவது) கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். மேஸ்திரி வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கம்பெனிக் கொட்டை வண்டியில் அங்கே வரும். வறுத்து, உடைத்து, பருப்பைச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நம்பர் கிடையாது. பெயர் எழுதுவதும் கிடையாது. ராத்தலுக்கு அரையணா.

ஆபீசில் அதே ராத்தலுக்கு இப்போது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதே கொட்டைதான். அதே அமெரிக்காவுக்குத்தான்.

ஜூலை 5

கொட்டகையில் சேர்ந்தாயிற்று. பிள்ளையை அம்மா மட்டை அடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறாள். கொட்டகையில் புகை போக இடமில்லை. வறுக்கும்போது எல்லாரும் வெளியே ஓடி இருமிவிட்டு வருகிறோம். பதினொரு பேர். இரண்டு பேர் பத்து வயதுகூட இருக்க மாட்டார்கள். மேஸ்திரியின் பெண்டாட்டிதான் பார்த்துக்கொள்கிறாள். முதல் நாள் யார், என்ன பேர் என்று ஒன்றும் கேட்கவில்லை. தலையை எண்ணிவிட்டு உட்காரச் சொன்னாள்.

ஜூலை 14

சத்தியநேசன் அக்காவிடம் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். விரிக்கவில்லை. அங்கே ஆள் கூடியிருக்கும்.

ஜூலை 22

இன்றைக்கு மத்தியானம் வறுசட்டியில் கொட்டை கிடக்கும்போது மேஸ்திரியின் பெண்டாட்டி பின்வாசலிலிருந்து கையை வீசினாள். சைக்கிளில் சர்க்கார் ஆள் வருகிறார், எல்லாரும் போங்கள் என்று. பதினொரு பேரும் மரச்சீனித் தோட்டத்துக்குள் ஓடினோம். நான் கடைசி. மண்ணில் கவிழ்ந்து படுத்தேன். நேற்றைய மழை ஈரம்.

செடிகளின் அடித்தண்டுக்கு இடையில் அவருடைய செருப்பு தெரிந்தது. கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே குனிந்து பார்த்தார். பேனாவைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்டதுபோல இருந்தது. பத்து அடிதான் இருக்கும். எழுந்து நின்றால் என்ன என்று தோன்றியது. பெயர் கேட்பார். சொல்லலாம். மேஸ்திரி இல்லை, வரிசை இல்லை, அக்கா இல்லை. கையை ஊன்றினேன். முழங்காலும் கொஞ்சம் எழும்பியது. பக்கத்தில் படுத்திருந்த சின்னப் பெண் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் பிடித்தாளா, என்னை இழுக்கப் பிடித்தாளா, தெரியவில்லை. அப்படியே படுத்துவிட்டேன்.

சைக்கிள் போன பிறகு மேஸ்திரியின் பெண்டாட்டி கூப்பிட்டாள். "எழும்பி வாருங்கட்டி. இங்க வேலைக்கு ஆருமே இல்லன்னு எழுதிக்கிட்டுப் பெய்ட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டியில் கிடந்ததெல்லாம் கரியாகிவிட்டது. அதை எங்கள் கூலியில் பிடித்துக்கொள்வார்களாம். பாவாடையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, சாம்பலை எடுத்துக் கையில் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.